இணையவழிப் பாடம் நடத்தும் புதிய ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர், தொடர் விடுமுறைக்காகத் தயாரித்திருந்த இணையவழிப் பாடத் திட்டங்களைச் சென்ற மாதம் தருமபுரியில் என்னிடம் காட்டினார்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு நான் எழுதிய திட்டமே மறுபடியும் கைக்கு வந்தது போல் இருந்தது: காலை பத்து மணிக்குக் கணக்கு, பதினொரு மணிக்கு அறிவியல், வராதவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை. மைக்கை அணைக்க மறப்பது, சார்ஜ் போடாமல் உட்காருவது போன்றவற்றை எவரும் ஒரே வாரத்தில் தாமாகத் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

இணைப்பை அனுப்பியதும் பாடம் முடிந்ததாக நினைப்பது

வளங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டைத் தீக்ஷா செயலியில் காட்டினால் அந்தப் பாடத்துக்குரிய காணொளி வருகிறது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. 2023இல் பள்ளிக் கல்வித் துறையின் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலியும் வந்துவிட்டது. இவற்றிலிருந்து ஏழெட்டு இணைப்புகளை வரிசையாக அனுப்பினால் பிள்ளைகள் முதலாவதைத் திறந்து பார்ப்பார்கள், மற்றவற்றைத் தொடமாட்டார்கள். ஒரு நாளுக்கு ஓர் இணைப்பு, பாடநூலின் பக்க எண், பார்த்து முடித்ததும் நோட்டில் எழுத வேண்டிய ஒரே ஒரு கேள்வி ஆகிய மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும். தீக்ஷாவில் காணொளியை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலும் பார்க்க முடியும் என்பதை, பள்ளி நடக்கும் நாளிலேயே பெற்றோரின் கைப்பேசியில் செய்து காட்டுங்கள்.

கைப்பேசி யாருடையது என்று கேட்காமல் நேரம் குறிப்பது

நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தவறைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது. பென்னாகரம், பாலக்கோடு, அஞ்செட்டிப் பக்கத்து ஊர்களில் ஒரு வீட்டுக்கு ஒரு டச் போன் இருந்தால், பகலில் அது பெரும்பாலும் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அப்பாவோ ஓசூரிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருப்பார். காலை பத்து மணி வகுப்பு அந்த வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத வகுப்பு.

என் எட்டாம் வகுப்பில் இருந்த மாணவி ஒருத்தியின் பெயருக்கு நேரே மூன்று வாரங்கள் தொடர்ந்து சுழி போட்டேன். அதோடு நிற்காமல், படிப்பில் அக்கறை இல்லை என்று எல்லோரும் படிக்கும்படி குழுவிலும் எழுதினேன். பாடநூல் வாங்க அம்மாவோடு பள்ளிக்கு வந்த நாளில் அவள் ஒரு நோட்டை என் மேசையில் வைத்தாள். பதினான்கு பக்கங்களிலும் நான் அனுப்பிய கேள்விகள் மட்டும் பென்சிலில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு வரி இடம் விடப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் போனை இரவில் கால் மணி நேரம் வாங்கி எழுதினாளாம். “வீடியோ பாக்க நேரம் பத்தாது சார். கேள்விய மட்டும் எழுதிக்கிட்டேன், ஸ்கூல் தெறந்ததும் உங்ககிட்ட கேட்டு பதில் எழுதலாம்னு இடம் விட்டேன்” என்றாள். அந்த நாள்களில் என் பதிவேட்டில் அவளுக்குச் சுழிதான் இருந்தது.

அவள் பள்ளிக்குத் திரும்பி வந்தாள். அதே பட்டியலில் இருந்த பையன்கள் இருவர் பூந்தோட்ட வேலைக்குப் போனவர்கள், பள்ளி திறந்த பிறகும் வரவில்லை. வகுப்புக்கு வராத பிள்ளையை அக்கறையில்லாத பிள்ளை என்று எழுதும்போது, அந்தப் பிள்ளையைத் தேடிப் போகும் கடமையிலிருந்து நாம் விலகிக்கொள்கிறோம்.

ஆகவே முதல் பாடத்துக்கு முன்பே ஒரு நோட்டில் பத்திகள் பிரித்து இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: போன் யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், பட்டன் போனா டச் போனா, அதை நம்பி அந்த வீட்டில் இன்னும் எத்தனை பேர் படிக்கிறார்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இரவு ஏழரைக்கு மேல்தான் போன் கிடைத்தது. அதை அறிந்த பிறகு நேரலை வகுப்பை நிறுத்திவிட்டு, எப்போது வேண்டுமானாலும் கேட்கக்கூடிய குரல் பதிவுகளுக்கு மாறினேன். போனே இல்லாத நான்கு வீடுகளுக்குக் கேள்வித் தாளைப் பால் சங்கத்தில் கொடுத்து வைத்தேன். காலையில் பால் ஊற்ற வரும் அம்மாக்கள் அதை வாங்கிக்கொண்டு, எழுதி முடித்த பழைய தாளை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நீளமான காணொளி

ஐந்து நிமிடக் குரல் பதிவு ஏறக்குறைய ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். கைப்பேசிக் கேமராவில் எடுத்த ஐந்து நிமிடக் காணொளி நூறு எம்பியைத் தாண்டும். மேலும், 2020 ஜூலையில் இணையவழிக் கல்விக்காக மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதலே, எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட அமர்வுகள் இரண்டுக்கு மேல் கூடாது என்றுதான் சொன்னது.

மாணவியரின் எண்கள்

குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி விடாதீர்கள். ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்புங்கள்.

வீட்டு மொழியை மறப்பது

தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீடுகள் ஏராளம். பாடநூல் தமிழைக் காணொளியில் வேகமாகச் சொன்னால், வகுப்பறையில் முகம் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளையும் தடுமாறும். அரும்பதங்கள் ஐந்தாறை மட்டும் முதலில் தனிக் குரல் பதிவாக, நிதானமாக அனுப்புங்கள்.

ரீசார்ஜ் முடியும் தேதி

நோட்டில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். வழக்கமாகப் போடும் திட்டங்கள் பலவும் 28 நாளில் முடிந்துவிடுகின்றன. கூலி வரும்வரை அடுத்த ரீசார்ஜ் தள்ளிப்போகும். திடீரென்று பதில் நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே நீங்கள் அழையுங்கள். இணையம் நின்றாலும் உள்வரும் அழைப்பு பெரும்பாலும் சில நாள்கள் வந்துகொண்டிருக்கும். அன்றைய கேள்வியை வாய்மொழியாகச் சொல்லி, நோட்டில் எழுதி முடிக்கும் வரை தொடர்பில் இருங்கள்.