ஒரே நிலத்தில் இரண்டு மண்

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். கிழக்கே கரிசல், மேட்டுப்பக்கம் செவல். முதல் தடவை மண் பரிசோதனைக்கு இரண்டையும் ஒரே பையில் கலந்து கொடுத்துவிட்டேன். வந்த சீட்டு எந்தப் பக்கத்துக்கும் பொருந்தவில்லை. அதை நம்பிப் போட்ட உரமும் வீண். அதனால் முதலில் கையால் பார்த்து மண்ணைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிடி மண்ணில் தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ளுங்கள். எங்கள் கரிசல் இரண்டு அங்குலத்துக்கு மேல் அறாமல் நீளும்; விரலைக் கழுவினாலும் லேசில் போகாது. களி அவ்வளவு. செவல் அரை அங்குலத்திலேயே உதிரும், நறநறவென்று மணல் தட்டுப்படும்.

கரிசலில் உழவுக்குப் பதம்தான் எல்லாம். ஈரத்தில் டிராக்டரை இறக்கினால் பாளம் பாளமாகப் பெயரும், காயவிட்டால் கொழு இறங்காது. ஒரு சாண் ஆழத்து மண்ணை உருட்டிக் கீழே போடுங்கள்; உருண்டை உடைந்து உதிர்ந்தால் அன்றைக்கே உழுதுவிட வேண்டும். செவலில் ஈரம் நிற்காது, யூரியாவும் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். அங்கே ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போட்டு, யூரியாவை மூன்று தடவையாகப் பிரித்துக் கொடுக்கிறேன்.

சரி, இப்போது மாதிரி எடுக்கலாம். கரிசலுக்குத் தனிப் பை, செவலுக்குத் தனிப் பை. வரப்போரம், எருக்குழி, மரநிழல் வேண்டாம். அங்கங்கே 10 முதல் 15 இடத்தில் சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' போலக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவிப் பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். நிழலில் உலர்த்திக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யுங்கள். உரச்சாக்கில் மட்டும் மண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

சீட்டில் கார அமில நிலை 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நல்லது. 8.5-ஐத் தாண்டினால் சோடியம் மிகுந்த களராக இருக்கலாம், அதற்கு ஜிப்சம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4-ஐத் தாண்டினால் உவர். நல்ல தண்ணீரைத் தேக்கி வடிக்க வேண்டும், ஜிப்சம் உதவாது.

எங்கள் கரிசலில் கார அமில நிலை 8.3 வந்தது. அந்த நிலையில் துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் பயிருக்குச் சரியாகக் கிடைக்காது. மக்காச்சோளக் குருத்திலைகளில் வெள்ளைக் கீற்று ஓடியது அதனால்தான். அப்புறம் விதைப்புச் சமயத்தில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவ ஆரம்பித்தேன். மணிச்சத்து உரமான டிஏபியோடு சேர்த்துக் கலக்காதீர்கள், தனியாகத் தூவுங்கள்.