ஊரோடு போய்விட்டால் பிரிட்டிஷ் பென்ஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் பல வருடம் வேலை செய்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கோ திருச்சிக்கோ திரும்புகிறவர்கள் வீடு, காணி, பிள்ளைகளின் வசதி என்று எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள். அரச ஓய்வூதியத்தை மட்டும் “அது வயது வந்தால் தானாக வரும்” என்று விட்டுவிடுகிறார்கள். தானாக வராது, நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வேலையைப் பார்ப்பது பிரிட்டிஷ் அரசின் இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டர். ஓய்வூதிய வயதுக்கு நான்கு மாதம் முன்பிருந்தே கேட்கலாம். அந்த வயது இப்போது 66இல் இருந்து 67க்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 1961 மார்ச் 6 தொடக்கம் பிறந்தவர்களுக்கு 67. நினைவூட்டும் கடிதம் பழைய லண்டன் முகவரிக்குப் போய்க் கிடக்கும் என்பதால், திகதியை நீங்களே குறித்து வையுங்கள். பிந்திப்போனாலும் பதற வேண்டாம், 12 மாதம் வரை பின்தேதியிட்டுப் பணம் கேட்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓய்வூதியம் கூடும். இலங்கையிலோ இந்தியாவிலோ வாழ்கிறவர்களுக்கு அது கூடாது. முதலில் என்ன தொகை கிடைத்ததோ, அல்லது நாட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன தொகை இருந்ததோ, அதிலேயே நின்றுவிடும். 2016இல் புதிய முறை தொடங்கியபோது முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண்ஸ். அப்போது அதைப் பெறத் தொடங்கி ஊரில் இருப்பவருக்கு இன்றும் 155.65தான். அவரோடு ஒன்றாக வேலை செய்து லண்டன் ஹாரோவில் தங்கிவிட்டவருக்கு 2026 ஏப்ரல் முதல் 241.30. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் இருப்பவர்களுக்குக் கூடுகிறது. நமக்கும், கனடா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கும் இல்லை. ஒரே மாதிரி நேஷனல் இன்சூரன்ஸ் (வேலை செய்யும்போது சம்பளத்தில் பிடிக்கும் பங்களிப்பு) கட்டியவர்களை இப்படிப் பிரிப்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2010இல் ஓய்வூதியர்கள் தோற்றார்கள். ஆகவே இது மாறும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இன்றைய தொகையை வைத்துக்கொண்டு இருபது வருட விலைவாசியைச் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். ஏற்கெனவே ஓய்வூதியம் எடுப்பவர் மார்ச்சில் கிளம்புவதும் மே மாதம் கிளம்புவதும் ஒன்றல்ல. மே மாதம் கிளம்புபவருக்கு அந்த ஏப்ரல் உயர்வு வாழ்நாள் முழுக்க வரும்.

தொகை இப்படி உறைந்து நிற்பதைத் தவிர்க்கத்தான் பலர் அடுத்த தவறைச் செய்கிறார்கள். மகளின் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போனதைச் சொல்லாமல் இருந்துவிடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தெரியவந்தால் கூடுதலாக எடுத்த அத்தனையையும் திருப்பிக் கேட்பார்கள். வேண்டுமென்றே மறைத்தது மோசடி வழக்காகவும் ஆகலாம். எழுபத்தைந்து வயதில், மருந்துச் செலவு ஏறும் நேரத்தில், அந்தக் கடன் கடிதம் வந்தால் குடும்பமே ஆடிப்போகும். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருப்பவர்களும் எந்த நாட்டில் ஓய்வூதியம் பெறுகிறோம் என்று ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டும். பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவித்தொகை) வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஊரோடு போய்விட்டால் அது நின்றுவிடும்.

குடியுரிமை இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் விடுவதும் உண்டு. கணக்கில் எடுப்பது கடவுச்சீட்டை அல்ல, நேஷனல் இன்சூரன்ஸ் பதிவைத்தான். புதிய முறையில் குறைந்தது 10 ஆண்டுகள் இருந்தால் ஏதாவது கிடைக்கும். முழுத் தொகைக்குப் பொதுவாக 35. ஜெர்மனியிலோ பிரான்சிலோ சில காலம் வேலை செய்துவிட்டு லண்டன் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்த வருடங்களை விண்ணப்பத்தில் எழுதாமல் விடாதீர்கள். பத்து வருடக் கணக்குக்கு அவை உதவக்கூடும். அந்த நாடுகளிலும் தனியாக ஓய்வூதியம் கேட்க வழி இருக்கலாம்.

நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் ஓட்டை, அதாவது விடுபட்ட வருடங்கள், இருந்தால் காசு கட்டி அடைக்கலாம், சாதாரணமாகக் கடந்த 6 வருடங்களுக்கு மட்டும். வெளிநாட்டில் இருந்தபடி மலிவான வகுப்பு 2 (கிளாஸ் 2) பங்களிப்பைக் கட்டும் வழி 2026 ஏப்ரலில் மூடப்பட்டது. வகுப்பு 3இல் ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 950 பவுண்ஸ் ஆகும். அது முழு வருடமாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 350 பவுண்ஸ் கூடும், ஆக மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். ஆனால் 2016க்கு முன் வேலை செய்தவர்களுக்கு எல்லா வருடமும் தொகையைக் கூட்டுவதில்லை. எந்த வருடம் பலன் தரும் என்று கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

காசு கட்டாமலே நிரம்பக்கூடிய ஓட்டைகளும் இருக்கின்றன. இது குறிப்பாக நம் பெண்களுக்கு. 1978க்கும் 2010க்கும் இடையில் பிள்ளை வளர்க்க வீட்டில் இருந்தவர்களுக்கு, சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான அரச உதவித்தொகை) எடுத்திருந்தால், அந்த ஆண்டுகளுக்கு ஓய்வூதியக் கணக்கில் பாதுகாப்பு உண்டு. 2000 மே மாதத்துக்கு முன் சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பித்தவர்களின் படிவத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் இல்லாமல் போனதால், பலரின் பதிவில் அந்தப் பாதுகாப்பு ஏறவே இல்லை. சி.எஃப். 411 என்ற படிவத்தால் இப்போதும் திருத்திக் கேட்கலாம், ஏற்கெனவே ஓய்வூதியம் எடுப்பவர்களும் கேட்கலாம். அம்மாவுக்கோ மாமிக்கோ இது தெரிந்திருக்காது. பிள்ளைகள் ஒரு மாலை உட்கார்ந்து பதிவைப் பார்த்துக் கொடுங்கள்.

அப்புறம் பெயர். நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் தகப்பன் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால், ஊர் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும், திருமணத்துக்குப் பின் கணவன் பெயர் வேறு. இவை பொருந்தாவிட்டால் பணம் வங்கியில் சிக்கும். விண்ணப்பிக்கும் முன் ஒன்றாக்குங்கள். பிரிட்டன் வங்கிக் கணக்கிலேயே வாங்குவதாக இருந்தால், வெளிநாட்டு முகவரிக்கு மாறினாலும் கணக்கை வைத்திருக்க விடுவார்களா என்று வங்கியில் கேட்டுவிடுங்கள்.

சில வருடங்களுக்கு ஒருமுறை, நீங்கள் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் படிவம் தபாலில் வரும். கையெழுத்திட்டு, அதில் சொல்லப்பட்ட தகுதி உள்ள ஒருவரின் சாட்சியோடு அனுப்ப வேண்டும். கொழும்பில் மகன் வீட்டில் இருந்த மாதங்களில் கடிதம் மானிப்பாய் வீட்டுப் படலையில் கிடந்தால், பணம் நிறுத்தப்படலாம். தொடர்புகொண்டு படிவத்தை முடித்துக் கொடுத்தால் மீண்டும் தொடங்கும். முகவரி மாறினால் உடனே அறிவியுங்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் பிரிட்டன் போய்ச் சில வாரம் தங்கினால், அந்த வாரங்களுக்கு அன்றைய உயர்ந்த தொகையைக் கேட்டு வாங்கலாம். திரும்பி வந்ததும் பழைய தொகைக்கு இறங்கும். நிரந்தரமாகத் திரும்பிப் போய் வாழ்ந்தால் முழு உயர்வும் கிடைக்கும். போகும் திகதியையும் திரும்பும் திகதியையும் பென்ஷன் சென்டருக்குச் சொல்லி, பயணச்சீட்டின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.