மூலைவிட்டத்திலிருந்து நாற்கரங்களைக் கற்பது எப்படி?

இணைகரம், சாய்சதுரம், செவ்வகம், சதுரம், பட்டம், சரிவகம் ஆகியவற்றின் பண்புகளை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யும் பிள்ளைகள், தேர்வில் ஒன்றின் பண்பை இன்னொன்றுக்கு எழுதிவிடுகிறார்கள். பக்கங்களை விட்டு மூலைவிட்டங்களில் தொடங்குங்கள். குழப்பம் பெருமளவு குறையும்.

ஈர்க்குச்சியை 8 செ.மீ. நீளத்தில் இரண்டும், 6 செ.மீ. நீளத்தில் ஒன்றுமாக நறுக்குங்கள். ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் பேனாவால் குறியுங்கள். வெள்ளைத்தாளும் பென்சிலும் அளவுகோலும் இருந்தால் போதும்.

8 செ.மீ. குச்சியின் மேல் 6 செ.மீ. குச்சியை, நடுப்புள்ளிகள் பொருந்தும்படி சாய்வாக வையுங்கள். நான்கு முனைகளிலும் புள்ளி வைத்து வரிசையாக இணைத்தால் இணைகரம். நடுவை நகர்த்தாமல் செங்கோணத்துக்குத் திருப்பினால் சாய்சதுரம். நான்கு பக்கமும் 5 செ.மீ. வரும். சிறிய குச்சியை எடுத்துவிட்டு மற்றொரு 8 செ.மீ. குச்சியை வைத்தால், எந்தச் சாய்விலும் செவ்வகம்தான். செங்கோணத்தில் மட்டும் சதுரம், பக்கம் சுமார் 5.7 செ.மீ. சதுரமும் ஒரு செவ்வகமா என்று பிள்ளை கேட்டால், இந்தக் குச்சிகளையே மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். திரும்பும்போது செவ்வகத்துக்குரிய பண்பு எதுவும் கெடுவதில்லை.

அடுத்து நடுப்புள்ளியை விட்டு விலகுங்கள். 6 செ.மீ. குச்சியின் நடுவை, 8 செ.மீ. குச்சியின் ஒரு முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளிச் செங்குத்தாக வைத்தால் பட்டம். இரண்டு 8 செ.மீ. குச்சிகளும் தத்தம் மேல்முனையிலிருந்து 3 செ.மீ. தள்ளி வெட்டிக்கொண்டால் இருசமபக்கச் சரிவகம். இதைக் கட்டாயம் செய்யவைக்க வேண்டும். “மூலைவிட்டங்கள் சமமானால் அது செவ்வகம்” என்பதைச் சரி என்று குறிக்கும் பிள்ளைகள் ஏராளம். சமமாக இருப்பதோடு, ஒன்றையொன்று இருசமமாகவும் வெட்ட வேண்டும்.

பரப்பளவில் வரும் பெரிய தவறு, சாய்சதுரத்தின் சூத்திரத்தை இணைகரத்துக்குப் போடுவது. மூலைவிட்டங்களின் பெருக்கலில் பாதி என்பது அவை செங்குத்தாக வெட்டினால்தான் பொருந்தும். சாய்சதுரத்தை மூலைவிட்டங்கள் நான்கு செங்கோண முக்கோணங்களாகப் பிரிக்கின்றன; ஒவ்வொன்றும் 4 × 3 ÷ 2 = 6, ஆக மொத்தம் 24 ச.செ.மீ. அதே 8, 6 குச்சிகளை 30° கோணத்தில் வைத்தால் பரப்பு 12 ச.செ.மீ. மட்டுமே. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பக்கத்தில் பக்கம் காட்டினால், சொல்லாமலே புரியும்.

இனி கவராயத்தால் வரையலாம். மூலைவிட்டங்கள் 8 செ.மீ., 6 செ.மீ. கொண்ட சாய்சதுரத்துக்கு முதலில் அளவுகளோடு உதவிப்படம் போடுங்கள். 8 செ.மீ. கோடு வரைந்து, இரு முனைகளிலிருந்தும் சுமார் 6 செ.மீ. ஆரத்தில் மேலும் கீழும் வில் வெட்டி, வெட்டும் புள்ளிகளை இணைத்து மையக்குத்துக்கோடு வரையுங்கள். ஆரம் 4 செ.மீ.க்குக் குறைந்தால் விற்கள் சந்திக்கவே சந்திக்காது. பிறகு, மையத்திலிருந்து மேலே 3, கீழே 3 செ.மீ. குறித்து நான்கு முனைகளையும் இணையுங்கள்.

வரைந்ததும் பக்கங்களை அளக்கச் சொல்லுங்கள். நான்கும் 5 செ.மீ. இருக்க வேண்டும், ஒரு மி.மீ. கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. நான்கும் 7.2 செ.மீ. வந்தால், மையத்தின் இருபுறமும் பாதிக்குப் பதில் முழு 6 செ.மீ. குறித்திருக்கிறது. அடுத்தடுத்த பக்கங்கள் சமமாகி, ஒரு ஜோடி 4.7, மறு ஜோடி 5.3 என்று வந்தால் குத்துக்கோடு நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 4 மி.மீ. விலகியிருக்கிறது. பெரும்பாலும் கவராயத்தின் திருகு தளர்ந்து, இரண்டாவது முனைக்குப் போவதற்குள் ஆரம் மாறியிருக்கும். திருகை இறுக்கி, நான்கு விற்களையும் மீண்டும் வெட்டச் சொல்லுங்கள்.