ஆப்பிரிக்கத் தேள்களுக்குப் பெயர் வைக்கும்போது செய்யும் தவறுகள்

தேளின் படத்தைப் பார்த்து எந்த இனம் என்று சொல்பவர்கள் பலர் இப்படித்தான்: கறுப்பாக இருக்கிறது, கையளவு இருக்கிறது, படம் ஆப்பிரிக்காவில் எடுத்தது, அவ்வளவுதான், உடனே "எம்பரர் தேள்" என்று எழுதிவிடுகிறார்கள். எம்பரர், அதாவது பாண்டினஸ் இம்பரேட்டர், மேற்கு ஆப்பிரிக்கக்காரன். கானா, டோகோ, பெனின், நைஜீரியா பக்கம். ஜிம்பாப்வேயில் கல்லைப் புரட்டி எடுத்த படத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் அது வெறும் பெயர்க் குழப்பத்தோடு போகாது. அங்கே அந்த அளவில் கறுப்பாக இருப்பது பாராபியூதஸ் டிரான்ஸ்வாலிகஸாக இருக்கலாம். எம்பரர் கொட்டினால் பெரும்பாலும் வலியோடு போய்விடும், இது கொட்டினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

நிறத்தை நம்புவதுதான் முதல் தவறு, மற்ற பாதித் தவறுகளும் அதிலிருந்துதான் வருகின்றன. சட்டை உரித்த புதிதில் எந்தத் தேளும் வெளுத்துத்தான் இருக்கும். நமீபியாவின் பாராபியூதஸ் வில்லோசஸ் முழுக் கறுப்பிலும் உண்டு, காலும் இடுக்கியும் ஆரஞ்சாக இருக்கிற வகையிலும் உண்டு. இன்னொரு பக்கம், செல்லப்பிராணிக் கடைகளில் எம்பரர் என்று விற்பது பல நேரம் தென்கிழக்காசியக் கருந்தேள். இடுக்கியின் மேல்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: எம்பரருக்குச் சொரசொரவென்று மணிமணியாக, லேசான செம்மையோடு இருக்கும், கடையில் வரும் ஆசியத் தேள்களுக்குப் பெரும்பாலும் வழவழப்பு. 1995 முதல் எம்பரர் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், பெயர் மாறினால் சட்டச் சிக்கலும் வரும்.

அடுத்தது எல்லோரும் சொல்லும் அந்தச் சூத்திரம்: இடுக்கி மெலிந்து வால் தடித்தால் ஆபத்து, இடுக்கி பெருத்து வால் மெலிந்தால் பயமில்லை. தப்பில்லை, ஆனால் அது ஏறக்குறைய குடும்பம் வரைதான் கொண்டுவிடும், இனம் வரை வராது. பாராபியூதஸின் குடும்பத்தைச் சேர்ந்த யூரோபிளெக்டஸ் தேள்களுக்கும் இடுக்கி மெலிவுதான், கொட்டினால் வலிக்கும், உயிரை எடுக்காது. அதைவிட மோசம், வால் எவ்வளவு தடிப்போ அவ்வளவு விஷம் என்று கணக்குப் போடுவது. தென்னாப்பிரிக்காவில் ஆளைச் சாய்க்கிற பேர்வழி பாராபியூதஸ் கிரானுலேட்டஸ், அதன் வால் டிரான்ஸ்வாலிகஸின் வாலைவிட ஒல்லி.

அப்புறம் எதைத்தான் பார்ப்பது? புடைப்புகளையும் கோடுகளையும். வட ஆப்பிரிக்காவின் மஞ்சள் தேள்களில் லெயூரஸ், ஆண்ட்ரோக்டோனஸ், பியூதஸ் என்ற மூன்று பேரினங்களை (பேரினம் என்பது பெயரின் முதல் சொல்) எடுத்துக்கொள்ளுங்கள். லெயூரஸுக்கு முதுகின் முதல் இரண்டு தகடுகளில் ஐந்து புடைத்த கோடுகள், ஆண்ட்ரோக்டோனஸுக்கு மூன்று. பியூதஸுக்கும் மூன்றுதான், ஆனால் தலைப்பக்க ஓட்டில் யாழ் வடிவத்தில் கோடுகள் வளைந்து ஓடும். லெயூரஸின் வாலில் ஐந்தாம் கணு கறுத்திருக்கும் என்பதை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், சரி, ஆனால் அந்தக் கறுப்பு மங்கிய தேள்களும் உண்டு, கோடுகள் மங்காது. தெற்கே வந்தால் பாராபியூதஸுக்கு வாலின் முதல் இரண்டு கணுக்களின் மேல்பக்கம் சொரசொரப்பான ஒரு திட்டு இருக்கும், கொடுக்கை அதில் தேய்த்துச் சரசரவென்று சத்தம் எழுப்பும். டிரான்ஸ்வாலிகஸா வில்லோசஸா என்ற சந்தேகம் வந்தால் உடம்பெல்லாம் மயிர் அடர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடர்ந்திருந்து, இடமும் மேற்கு வறண்ட பக்கமாக இருந்தால் வில்லோசஸ்.

ஆண், பெண்ணை இரண்டு இனமாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. பாறை வெடிப்பில் வாழும் ஹடோஜீன்ஸ் ட்ரோக்ளோடைட்டீஸில் ஆணின் வால் மட்டும் நூல் மாதிரி நீண்டிருக்கும், பக்கத்தில் பெண்ணை வைத்தால் உறவே இல்லை என்று தோன்றும். வயிற்றுப் பக்கத்துச் சீப்பை, அதாவது சீப்பு மாதிரிப் பல் வரிசை உள்ள ஜோடி உறுப்பைப் பார்த்தால் தீர்ந்தது: பொதுவாக ஆணுக்குச் சீப்பு நீளம், பல்லும் அதிகம். அதனால் பல் எண்ணிக்கையை எழுதும்போது ஆணா பெண்ணா என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

புறஊதா டார்ச்சில் பச்சையாக ஒளிர்வதை ஓர் அடையாளமாக எழுதாதீர்கள். வளர்ந்த தேள் எதுவானாலும் ஒளிரும். தேடிப் பிடிக்க உதவும், பெயர் வைக்க உதவாது.

பழைய பெயர்களிலும் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் மொராக்கோ முதல் துனிசியா வரை கண்டதையெல்லாம் பியூதஸ் ஆக்சிடானஸ் என்றார்கள், இப்போது அந்தப் பெயர் ஐரோப்பியத் தேளுக்கு மட்டும், ஆப்பிரிக்கப் பக்கம் பல இனங்களாகப் பிரிந்துவிட்டது. லெயூரஸையும் 2014-இல் பிரித்தார்கள். எனவே "ஆப்பிரிக்கா" என்று மட்டும் எழுதிய படத்தை வைத்துக்கொண்டு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஊர், மண்ணா பாறையா, கல்லுக்கடியிலா வளையிலா என்று எழுதுங்கள், சந்தேகமிருந்தால் பேரினத்தோடு நிறுத்துங்கள். "பாராபியூதஸ், இனம் தெரியவில்லை" என்பது கௌரவமான பதில்தான்.

மேலிருந்து எடுத்த ஒரே படம் போதாது. வால் பக்கவாட்டில், இடுக்கி கிட்டத்தில், அடிப்பக்கம் ஒன்று. அடிப்பக்கத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுக் கீழிருந்து எடுங்கள். தெற்குப் பக்கத் தடித்த வால்காரனாக, அதாவது பாராபியூதஸாக இருந்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம், டிரான்ஸ்வாலிகஸ் விஷத்தைப் பீய்ச்சியடிக்கும், அது கண்ணில் படலாம்.