உடல் பருமன் கூடியவருக்கு மயக்க வாயு: கொழுப்பை விட்டு நுரையீரலைப் பாருங்கள்

மயக்கவியலுக்குப் புதிதாக வரும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அக்கா, ஆள் 130 கிலோ, அப்ப காஸ் எவ்வளவு கூட்டி வைக்கிறது?" கூட்டவே தேவையில்லை. நிறை பார்த்துக் கணக்குப் போடுவது ஊசி மருந்துக்குத்தான். நடுத்தர வயதுக்காரரின் மூச்சில் இருக்க வேண்டிய மயக்க வாயு, செவோபுளூரேன் ஏறக்குறைய 2 வீதம், ஐசோபுளூரேன் 1.2 வீதம் என்றால் அது 60 கிலோக்காரருக்கும் 130 கிலோக்காரருக்கும் ஒன்றுதான், வயது ஏற ஏறத்தான் குறையும். திரவ மயக்க மருந்தை ஆவியாக்கிக் கலக்கும் வேப்பரைசரின் டயலில் எத்தனை வைத்தீர்கள் என்பதை விட, நோயாளி மூச்சை விட்டு முடிக்கும் இடத்தில் மொனிற்றர் எத்தனை காட்டுகிறது என்பதுதான் முக்கியம்.

கொழுப்பில் வாயு போய்ச் சேர்ந்துகொண்டு ஆள் எழும்பவே மாட்டார் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. கொழுப்புக்கு வாயுவைப் பிடித்து வைக்கும் தன்மை உண்டுதான், ஆனால் அங்கே போகிற இரத்தம் மிகக் குறைவு. பெரிய றோட்டில் ஓடுகிற லொறி கடைசி ஒழுங்கைக்குள் மெதுவாக நுழைவது மாதிரி, கொழுப்பு நிரம்பப் பல மணி நேரம் எடுக்கும். இரண்டு மணி நேரச் சத்திரசிகிச்சையில் அது பெரிய விஷயமே இல்லை. ஐசோபுளூரேனை நாலு, ஐந்து மணி நேரம் ஓட விட்டால் மட்டும், தையல் போடத் தொடங்குவதற்கு முன்பே மெல்ல மெல்லக் குறைத்து வாருங்கள்.

சரி, பயப்பட வேண்டியது எதற்கு? நுரையீரலுக்கு. கடலில் மூச்சடக்கிக் குளிக்கிறவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டுதானே இறங்குவார்? பருமனானவர் நிமிர்ந்து படுத்தால் வயிறு மேலே தள்ளி அந்தச் சேமிப்பையே பறித்துவிடும், உடம்போ அதிக ஒட்சிசன் கேட்கும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் பித்தப்பைக் கல்லுக்கு வந்த ஒரு அம்மாவை மட்டமாகப் படுக்க வைத்தே மயக்கம் கொடுத்தோம். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடச் சற்றுத் தாமதமானது, மொனிற்றரின் பீப் ஒலி சுருதி இறங்கி இறங்கி வந்தது, இரத்தத்தில் ஒட்சிசன் 94, 88, 79 வீதம். அந்த அம்மா நல்லபடி வீடு போனார், ஆனால் அந்த ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் மயக்கம் கொடுப்பதற்கு முன் தோளுக்கும் தலைக்கும் கீழே தியேட்டர் துணிகளை மடித்து மடித்து அடுக்குங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேல் குழியும் ஒரே கிடைக்கோட்டில் வர வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தையும் 25 பாகை அளவில் உயர்த்தி, மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து, வெளிவிடும் மூச்சில் ஒட்சிசன் 85 வீதத்தைத் தாண்டும் வரை பொறுங்கள், 90க்குப் போனால் இன்னும் நல்லது. ஓரத்தால் காற்று ஒழுகினால் அந்த அளவு ஏறவே ஏறாது.

முந்தின நாள் வார்டுக்குப் போகும்போது குறட்டை பற்றிக் கேட்பதும் முக்கியம், அதுவும் நோயாளியிடம் அல்ல, பக்கத்தில் படுக்கிறவரிடம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவி சொல்லிவிடுவார். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்கும் ஸ்டொப்-பாங் பட்டியலின் 8 கேள்விகளில் ஐந்து அல்லது அதற்கு மேல் ஆம் என்றால், பெரிய டொக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தூங்கும்போது மாஸ்க்கால் காற்றை அழுத்திக் கொடுக்கும் சீபாப் மெஷின் வீட்டில் இருந்தால் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இனி, பலர் கோட்டை விடும் இடம். தூங்க வைக்கும் ஊசி மருந்தான புரொபொபோல் கொடுத்த சில நிமிடங்களில் மூளையை விட்டு இறங்கிவிடும், மொத்த நிறைக்கு அல்லாமல் கொழுப்பு நீங்கலான நிறைக்கே கணக்குப் போட்டுக் கொடுப்பதால் கையில் மிச்சமும் இருக்காது. டியூப் போட நேரம் எடுத்து, வாயுவும் திறக்காமல் இருந்தால், தசை தளர்த்தும் மருந்தால் அசைய முடியாத நிலையில் அந்த மனிதர் உள்ளே விழித்துக் கிடப்பார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வெளிவந்த பெரிய ஆய்வு, மயக்கத்தில் விழித்தவர்களில் பருமனானவர்கள் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. டியூப் தாமதமானால் புரொபொபோல் இன்னும் கொடுங்கள். டியூப் உள்ளே போய் காபனீரொட்சைட்டு அலை வந்த கையோடு வேப்பரைசரைத் திறந்து, முதல் சில நிமிடம் வாயு ஓட்டத்தைக் கூட்டி வையுங்கள்.

எந்த வாயு? டெஸ்புளூரேன் வேகமாக இறங்கும், ஆள் சீக்கிரம் விழிப்பார். ஆனால் அது 23 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும், நம்ம திருகோணமலை வெயிலைச் சொல்லவா வேண்டும், அதற்கென்றே சூடாக்கி அழுத்தத்தில் வைக்கும் தனி வேப்பரைசர் வேண்டும். வளிமண்டலத்துக்கும் பெரிய கேடு, ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரியிலிருந்து அதைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. செவோபுளூரேன் தாராளமாகப் போதும். நைட்ரஸ் ஒக்சைட் வேண்டாம், ஒட்சிசனுக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும், குடலையும் ஊதவைக்கும்.

வென்ரிலேற்றரில் மூச்சின் அளவை உயரத்தை வைத்தே போடுங்கள். 160 சென்ரிமீற்றர் பெண் என்றால் 105ஐக் கழித்து 55 கிலோ, கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலீற்றர். 130 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் நுரையீரல் கிழியும் அளவுக்குப் போய்விடும். மூச்சை விட்டு முடித்த பிறகும் நுரையீரலைச் சுருங்க விடாமல் வைத்திருக்கும் பீப் (PEEP) அழுத்தத்தை 5 சென்ரிமீற்றர் நீர் அளவுக்குக் கீழே விடாமல், இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள்.

அப்புறம் எழுப்புவது. வாயுவை மூடி ஒட்சிசன் ஓட்டத்தைக் கூட்டுங்கள், தசைத் தளர்வு நீங்கி, நரம்புத் தூண்டியின் நாலு தூண்டலில் கடைசித் துடிப்பு முதலாவதின் 0.9 பங்குக்கு மீண்டதைப் பாருங்கள், தலையை உயர்த்துங்கள். கண் திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கையை இறுக்கிப் பிடிக்கும்போது மட்டும் டியூபை எடுங்கள். வார்டுக்கு அனுப்பும்போது தாதியிடம் நேரில் சொல்லுங்கள்: மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டாம், மோர்பின் குறைவாக, ஒட்சிசன் மீற்றர் விரலில் இரவு முழுக்க.