ஜிங்க் ஆக்சைடு நானோ கம்பி வளர்ப்பு: எல்லாம் விதையில்தான்

ஜிங்க் ஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதன் படிகம் அறுகோண வடிவம். ஒரு திசையில் மட்டும் வேகமாக வளரும். அதனால் 90 டிகிரி வெந்நீரிலேயே கம்பி கம்பியாக எழும்பும். அதை நம் விருப்பப்படி வளர்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் கண்ணாடி ஸ்லைடை சோப்பு, அசிட்டோன், எத்தனால் என்று வரிசையாகக் கழுவுங்கள். ஒரு மூலையில் கீறி அடையாளம் வையுங்கள். விதை போட்ட பிறகு எது எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது விதை. 50 மில்லி எத்தனாலில் 0.055 கிராம் ஜிங்க் அசிடேட் டைஹைட்ரேட்டைக் கரையுங்கள். ஸ்லைடின் மேல் சில சொட்டு விட்டு, பத்து விநாடி கழித்து எத்தனாலால் அலசிக் காயவிடுங்கள். இப்படி நான்கைந்து முறை. பிறகு 350 டிகிரியில் 20 நிமிடம் சூடாக்கினால், நானோ மணிகளாக ஜிங்க் ஆக்சைடு ஒட்டிக்கொள்ளும். நாற்றங்கால் மாதிரிதான்: விதை நெருக்கமாக விழுந்தால் கம்பிகள் நேராக நிற்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தால் நாலா பக்கமும் சாயும். இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

வளர்ப்புக் கரைசலுக்கு 100 மில்லி அயனி நீக்கிய நீர், 0.74 கிராம் ஜிங்க் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட், 0.35 கிராம் ஹெக்ஸமைன். போர் தண்ணீர் கூடவே கூடாது; அதிலுள்ள உப்பு வளர்ச்சியையே மாற்றிவிடும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: ஜிங்க் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும். கடல்காற்று வீசும் நாளில் தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் பார்த்தால் 0.740, 0.742 என்று எண் தானாக ஏறும். ஏறுவது ஜிங்க் இல்லை, காற்றிலிருக்கும் தண்ணீர். ஜன்னலைச் சாத்தி, சட்டென்று எடுத்து, பாட்டிலை மூடிவிடுங்கள்.

விதைப் பக்கம் கீழே பார்க்க ஸ்லைடைச் சாய்த்து வைத்து, பீக்கரை மூடி, ஓவனில் 90 டிகிரியில் மூன்று மணி நேரம் விடுங்கள். முதல் தடவை நான் விதைப் பக்கத்தை மேலே வைத்துவிட்டேன். கரைசலில் உருவான வீழ்படிவு சுண்ணாம்பு மாதிரி அதன்மேல் படிந்து, ஒரு நாள் வேலை போயிற்று. ஹெக்ஸமைன் சிதையும்போது ஃபார்மால்டிஹைடு வரும். கையுறை போட்டு, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்து பீக்கரைத் திறவுங்கள்.

கம்பி மெலிதாக வேண்டுமா? ஜிங்க் நைட்ரேட், ஹெக்ஸமைன் இரண்டையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள். நீளம் வேண்டுமென்றால் நேரத்தை மட்டும் கூட்டிப் பயனில்லை, கரைசலில் ஜிங்க் தீர்ந்துபோகும். மூன்று மணிக்கொருமுறை புதுக் கரைசல் மாற்றுங்கள். பாலி எத்திலீன் இமைன் என்ற பாலிமரைச் சிறிது சேர்த்தால் அது பக்கச்சுவர்களில் ஒட்டிக்கொண்டு, கம்பி பருக்காமல் நீளும். சிட்ரேட் நுனியில் ஒட்டும். கம்பிக்குப் பதில் தட்டுதான் கிடைக்கும்.

எடுத்து அலசிக் காயவைத்து, டியூப் லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். சீரான பால் நிறம் தெரிந்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் கொண்டுபோகலாம். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் விதைப் படிக்குத் திரும்புங்கள்.