குவாதலூப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தனி நாடு அல்ல. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ. அதனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று பலர் டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்கள் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பவை. விசா விண்ணப்பத்திலேயே குவாதலூப்பைக் குறிப்பிட்டுக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அடுத்த தவறு, முழு இடத்தையும் ஒரே கடற்கரையாக நினைப்பது. ஒடுக்கமான கால்வாய் ஒன்று நடுவே பிரிக்க, இரண்டு தீவுகள் ஒட்டிக் கிடக்கின்றன. மேற்கே பாஸ்-தேர்: 1467 மீட்டர் உயரமுள்ள லா சூஃப்ரியேர் எரிமலையும் அடர்ந்த காடும். கிழக்கே கிராந்த்-தேர்: சுண்ணாம்புக்கல் சமவெளி, கரும்புக்காடு, வெள்ளை மணல். எரிமலை உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் மழை கொட்டுகிறது. கிழக்குக் கோடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். விடுதி வாசலில் வெயில் காய்கிறதே என்று செருப்போடு மலையேறினால் பாதி வழியில் தொப்பலாக நனைந்து திரும்ப வேண்டியதுதான்.

செப்டம்பரில் விமானக் கட்டணம் குறைந்தால் மகிழ வேண்டாம்; காரணம் புயல். ஜூன் முதல் நவம்பர் வரை அதன் பருவம். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ இந்தத் தீவைப் புரட்டிப்போட்டது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவதே நல்லது.

கடற்கரையில் நிழல் தேடும்போதும் கவனம் வேண்டும். மான்சினீல் என்றொரு மரம், சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற காய்களை மணலில் உதிர்த்திருக்கும். காய் நஞ்சு, பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே புண்ணாக்கிவிடும். அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டி எச்சரித்திருப்பார்கள், ஆனால் எல்லா மரத்திலும் இருக்குமென்று நம்பிவிடக் கூடாது.

நம்மவர்கள் மட்டுமே செய்யும் தவறு ஒன்றும் உண்டு. அடிமை முறை 1848-இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பரில் முதல் கப்பல் வந்தது. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் தொடர்ந்து ஏற்றிச் செல்லப்பட்டார்கள். காபெஸ்தேர் ஊர்ப் பக்கம் அவர்களின் வழிவந்தோர் வழிபடும் சாங்கி என்ற இந்துக் கோயிலைப் பார்த்ததும் நம் ஆட்கள் தமிழில் பேச்சுக் கொடுத்து, பதில் வராவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். அந்த வழிவந்தோர் பேசுவது கிரியோல் என்ற உள்ளூர்க் கலப்பு மொழியும் பிரெஞ்சும். வழிபாட்டுப் பாடல்களில் தமிழ் தங்கியிருக்கிறது. இந்திய வழிவந்தோரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஹென்றி சிதம்பரத்தின் மண் அது. "தமிழ் தெரியாதா?" என்று அங்கே கேட்பது அசட்டுத்தனம். பிரெஞ்சில் ஒரு வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். கடைக்குள் நுழையும்போதும் அதுவே அங்கே மரியாதை.